வாடகையும் வழித்தூரமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றனுள் முதலிரண்டையும் அன்றாடங்காய்ச்சியும் எப்படியோ தேடிக்கொள்கிறான். மூன்றாவதுதான் நகரத்தில் எட்டாக்கனியாக நிற்கிறது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னையிலும் அதனை ஒட்டிய ஊர்களிலும் சுமார் 32 இலட்சம் பேர் வாழ்ந்தனர். 2011இல் அத்தொகை 86 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரும் எங்கோ ஓரிடத்தில் தலைசாய்க்கத்தான் செய்கின்றனர். எங்கே, என்ன விலையில் என்பதே கேள்வி. கணித மாணவன் என்ற முறையில் அந்த விலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க விழைகிறேன்.

எது மலிவான வீடு?

என் அத்தை சென்னையில் நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்துவந்தார். வீட்டுக்கு 2,500 ரூபாய் சம்பளம். குடியிருந்த ஓர் அறைக்கு வாடகை 5,500. நகரின் எல்லைக்கு அப்பால் 3,000 ரூபாய்க்கு அறை கிடைக்கிறதென்று குடிபெயர்ந்தார். மாதம் 2,500 மிச்சம் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி ஆயிற்று. காலை ஆறு மணிக்கே ஆள் வேண்டும் என்ற இரண்டு வீடுகள் கைநழுவின. 2,500 மிச்சமாயிற்று, 5,000 போயிற்று.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். இது பேருதவியே. ஆயினும் நேரத்திற்குச் சலுகைச் சீட்டு கிடையாது. நாளொன்றுக்கு நான்கு மணி வீதம் மாதம் 25 நாள் என்றால் நூறு மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால் பன்னிரண்டரை நாள் பேருந்திலேயே கழிகிறது. ஆகவே வீட்டின் விலை வாடகை மட்டுமன்று. வாடகையோடு வழித்தூரத்தையும் கூட்டினால் வருவதே உண்மையான விலை.

வரலாறு கூறும் பாடம்

தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961லும், குடிசை மாற்று வாரியம் 1970லும் தோன்றின. பின்னது 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலோ அருகிலோ மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2000த்திற்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. கல் வீடு கிடைத்தது. பழைய பிழைப்பு தொலைவில் நின்றது.

இதற்கு இடையில் நாம் மறக்கலாகாத முயற்சி ஒன்று உண்டு. 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளை அரசு செய்து தந்தது. வீட்டை மக்கள் தத்தம் சக்திக்கேற்பக் கட்டிக்கொண்டனர். நலிவுற்றோருக்குச் சிறு மனை, நடுத்தர வருவாயினருக்குப் பெரிய மனை, கடைகளுக்குத் தனி மனை எனப் பல அளவுகள் ஒரே பகுதியில் அமைந்தன. பெரிய மனைகளிலும் கடை மனைகளிலும் வந்த கூடுதல் பணம் சிறு மனைகளின் விலையைத் தாங்கியது.

சிறு மனை கொடுத்தால் அது மீண்டும் சேரியாகும் என்பார் உளர். அப்பகுதிகளை இன்று சுற்றிப் பார்ப்போர் அவ்வாறு கூறார். ஓரறையாகத் தொடங்கிய வீடுகள் பல இன்று இரண்டு மாடி, மூன்று மாடி கண்டுள்ளன. மாடியில் வாடகைக்குக் குடியிருப்போரும் உண்டு. மனையை விற்றுச் சென்றோரும் உண்டு. ஆனால் விற்றபோது கையில் ஒரு முதல் இருந்ததே!

ஓரளவு எல்லார்க்கும் பொருந்துமா?

என் தந்தையார் கொத்தனார். தளம் போட்டபின் தூண்களின் கம்பியை வெட்டாமல் மேலே நீட்டிவிடுவதைச் சிறுவயதில் பார்த்துக் காரணம் கேட்டிருக்கிறேன். "பிள்ளைங்க வளர்ந்தா மேல ஒரு ரூம் எழுப்ப வேணாமாப்பா?" என்றார். வீடும் குடும்பத்தோடு வளர வேண்டும் என்ற பாடத்தை அவரிடமே கற்றேன். ஆனால் அவருடைய வீடு வாடகை வீடு. அதில் நீட்டிவிடக் கம்பி இல்லை. ஐந்து பேர் ஓர் அறையில் வாழ்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய நான், தேர்வுக் காலத்தில் நூலகம் பூட்டும் வரை அங்கேதான் இருப்பேன்.

தனியாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு ஒரு கட்டில் போதும். 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது இவ்வகையில் நல்ல தொடக்கம். மணமானவர்க்கு ஓர் அறையும் சமையற்கட்டும் வேண்டும். படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இன்னோர் அறை வேண்டும். மாடியேற முடியாத முதியோர்க்குத் தரைத்தளம் வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, புதிய நகர்ப்பகுதிகளில் பல அளவு மனைகளையும் வீடுகளையும் கலந்தே அமைக்க வேண்டும். இரண்டாவது, இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஒட்டிய அரசு நிலத்தில் எளியோர்க்கும் பங்கு வேண்டும். மூன்றாவது, வாடகைதாரரை மறக்கலாகாது. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. இதை அறிந்த குடித்தனக்காரர் எத்தனை பேர்? படித்த நாமாவது நம் தெருவில் எடுத்துச் சொல்லலாம்.

முடிவுரை

ஒரு குடியிருப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது எத்தனை வீடு, எத்தனை கோடி என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அங்கிருந்து வேலைக்குப் போக எத்தனை மணி என்ற வினாவையும் நாம் சேர்த்துக் கேட்போம். விடை அரை மணிக்குள் இருக்குமாயின் அதுவே மலிவான வீடு.