பேஸ்புக் என்னுடையது, படம் யாருடையது?

கேள்வி: எண்ணூர் பக்கம் ஒரு தனியார் ரசாயனத் தொழிற்சாலையில் நிரந்தர ஆபரேட்டராக இருக்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் ஏரியாவில் கேஸ் வாடை தாங்க முடியவில்லை. "இன்னைக்கும் மூச்சு முட்டுது, சொன்னா யார் கேக்குறா?" என்று என் சொந்த பேஸ்புக்கில் எழுதினேன். ஷிஃப்டில் எடுத்து வைத்திருந்த கன்ட்ரோல் ரூம் பேனல் படத்தையும் சேர்த்துப் போட்டேன். புரொஃபைலில் கம்பெனி பெயர் இருக்கிறது. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டார்கள், மெமோ வந்துவிட்டது. "இவை என் சொந்தக் கருத்துகள்" என்று புரொஃபைலில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேனா? இனி இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளட்டுமா?
- ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றியிருக்காது. அது இல்லாததால் நீங்கள் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

உங்கள் பதிவில் இரண்டு பேர் பேசுகிறார்கள். மூச்சு முட்டுகிறது என்பவர் எர்ணாவூர்க்காரர். பேனலைக் காட்டுகிறவர் ஆபரேட்டர். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிய வட்டாரம் இது. வாடை வந்தால் பேசத்தான் செய்வார்கள். அதற்கு மெமோ கொடுப்பது எளிதில் நிற்காது. ஆனால் வேலை நேரத்தில், வேலைக்காக மட்டுமே உங்கள் கண்ணில் பட்ட ரீடிங்கை எந்தக் கணக்கில் போட்டாலும் கேள்வி வரும். நியமன உத்தரவில் ரகசியக் காப்பு, உள்ளே செல்போன் தடை என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வழக்கின் பலவீனமே அந்தப் படம்தான்.

"அரசியல் சட்டம் 19(1)(அ)" என்று மட்டும் எழுதிப் பதில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அது முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் கம்பெனியில் உங்களுக்குக் கைகொடுப்பது நிலையாணைகள், அதாவது கம்பெனியின் வேலை ஒழுங்கு விதிகள் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்). கிளாக்ஸோ வழக்கில் 1983-ல் உச்ச நீதிமன்றம், நிலையாணையில் "நிறுவன வளாகத்தில்" என்று இருந்தால், வெளியே எங்கோ நடந்ததை அதற்குள் இழுத்துப் போட முடியாது என்றது. எனவே எந்தப் பிரிவின் கீழ் மெமோ என்று எழுத்தில் கேளுங்கள். 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், வாட்ஸாப் குழுவில் எழுதியதற்காகத் தமிழ்நாடு கிராம வங்கி ஊழியருக்குத் தந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை ரத்து செய்தார். மனக்குமுறலைக் கொட்ட ஊழியருக்கு உரிமை உண்டு என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது பொதுத்துறை வங்கி, அது ஒரு குழுவுக்குள் போன செய்தி. உங்களுடையது ஊரே பார்க்கும் பக்கம்.

இதைவிட வலுவான ஒன்று உங்கள் கையில் இருந்தது. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழிலில் உடனடி ஆபத்து வருமென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, நிர்வாகத்திடம் சொல்லும்போதே தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை உண்டு. அதே ரீடிங்கை அன்றிரவே ஆய்வாளருக்கு எழுதியிருந்தால் அது சட்டம் தந்த உரிமை; பேஸ்புக்கில் போட்டதால் ஒழுங்கு மீறல் என்கிறார்கள். அன்று ஷிஃப்ட் இன்சார்ஜிடம் வாய்மொழியாகவாவது சொன்னீர்களா? லாக் புக்கில் பதிவு உண்டா? இருந்தால் பதிலில் அவசியம் சேருங்கள்.

இரண்டு கணக்கு வைப்பதில் தவறில்லை. ஆனால் புனைபெயரை நம்பாதீர்கள். எழுதியது குற்றமானால் கணக்கின் சொந்தக்காரர் யாரென்று போலீஸ் கேட்டு வாங்கும். சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனி பெயரையும் யூனிஃபார்ம், ஐடி கார்டு தெரியும் படங்களையும் எடுத்துவிடுங்கள். கம்பெனி சிம்மிலோ கம்ப்யூட்டரிலோ அதைத் திறக்காதீர்கள். ஃபார்வர்டும் விலக்கல்ல, 2018-ல் பகிர்ந்த ஒரு பதிவுக்காக நடிகர் எஸ்.வி. சேகர் உச்ச நீதிமன்றம் வரை போயும் வழக்கிலிருந்து விடுபட முடியவில்லை.

இப்போதைக்குப் பதிவை அழிக்காதீர்கள். தேதி, கமென்ட் எல்லாம் தெரியும்படி பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு "ஒன்லி மீ" ஆக்குங்கள். "ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துடும்மா, முடிச்சுடலாம்" என்று எச்.ஆர். கூப்பிட்டுச் சொல்வார். கொடுத்தால் உள்விசாரணையில் அதுவே ஒப்புதலாகும். கெடுவுக்குள், ஸ்கிரீன்ஷாட்டின் நகலையும் நிலையாணைப் பிரிவையும் கேட்டு எழுதுங்கள். சங்கத்தில் காட்டிவிட்டுக் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்காமல் அந்த அறையை விட்டு வராதீர்கள்.