சிறுநீரில் ரத்தமா? சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: முழுமையான வழிகாட்டி

வலியே இல்லாமல் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. மறுநாள் தெளிந்துவிடுகிறது. "உடம்பு சூடு, இளநீர் குடி" என்பார்கள் வீட்டில். குடித்ததும் நின்றதால், இளநீர்தான் கேட்டது என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ரத்தம் இப்படித்தான் விட்டுவிட்டு வரும். அடுத்த முறை வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதல் எதிரி பீடி, சிகரெட். இந்த நோய் வருபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புகைதான் காரணம். புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்புகிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் மணிக்கணக்கில் அதில் ஊறிக் கிடக்கிறது.

அடுத்தது தொழில். சாயத் தொழிற்சாலை ஊழியர்களிடம் இந்த நோய் வருவதை 1895-லேயே ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எழுதிவைத்தார். அரோமேட்டிக் அமீன் வகை ரசாயனங்கள்தான் காரணம் என்பது பிறகு தெளிவானது. சாயம், ரப்பர், தோல், பெயிண்ட் வேலைகளில் இருந்தவர்களுக்கு, வேலையை விட்டு இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் தலைகாட்டலாம். அதனால் பழைய வேலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலும் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், சைக்ளோபாஸ்பமைடு மருந்து எடுத்தவர்கள், பல ஆண்டுகளாகச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான பயோகிளிட்டசோன் மாத்திரையை, இந்தப் புற்றுநோய் குறித்த அச்சத்தால் இந்திய அரசு 2013-ல் சில வாரங்கள் நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகத்துடன் மீண்டும் அனுமதித்தது. அதைச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிகுறியை எப்படி அடையாளம் காண்பது?

நிறம் இளஞ்சிவப்பிலிருந்து கட்டங்காப்பி நிறம் வரை இருக்கலாம், ரத்தக்கட்டிகளும் வரலாம். சிலருக்குக் கண்ணுக்கே தெரியாது, யூரின் டெஸ்டில்தான் தெரியும். அடிக்கடி போகவேண்டும் என்ற அவசரம், எரிச்சல் ஆகியவையும் உண்டு. பெண்கள் பாடு இங்கேதான் கஷ்டம். நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றித் தருவார்கள். யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை, ரத்தம் மட்டும் இருக்கிறது என்றால், அடுத்த மாத்திரை வேண்டாம். சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

பீட்ரூட்டும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சிறுநீரின் நிறத்தை மாற்றும். அது ரத்தமா இல்லையா என்பதை யூரின் டெஸ்ட் சொல்லிவிடும். நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், அதனால்தான் ரத்தம் வந்தது என்று விட்டுவிடக் கூடாது.

என்னென்ன பரிசோதனைகள்?

முதலில் சாதாரண யூரின் டெஸ்ட், கல்ச்சர். சிறுநீரில் புற்று செல்கள் இருக்கிறதா என்று பார்க்கும் சைட்டாலஜி கேட்டால், காலையின் முதல் சிறுநீரைத் தராதீர்கள். இரவெல்லாம் தேங்கியதில் செல்கள் சிதைந்திருக்கும். பிறகு வயிற்று ஸ்கேன் அல்லது சி.டி. யூரோகிராம். ஸ்கேன் நார்மல் என்பதால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். சின்னக் கட்டியும், சுவரோடு தட்டையாகப் படர்ந்த புற்றும் அதில் தப்பிவிடும்.

உறுதியாகச் சொல்வது சிஸ்டோஸ்கோப்பிதான். பெயரைக் கேட்டதும் பயந்து தள்ளிப்போடுபவர்கள் நிறைய. மரத்துப்போகும் ஜெல் தடவி, கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியாகச் செலுத்திப் பார்ப்பார்கள். வளையும் குழாய் என்றால் மயக்க மருந்து தேவைப்படாது, சில நிமிடங்களில் முடியும். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்தால் போதும். காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

கட்டி தெரிந்தால், மயக்கம் கொடுத்து அதே பாதை வழியாகச் சுரண்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்று தசை அடுக்கைத் தொட்டிருக்கிறதா என்பதில்தான் சிகிச்சையே மாறுகிறது. தொடவில்லை என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பையைக் காப்பாற்றிவிடலாம். ஆகவே, "எடுத்த துண்டில் தசை இருந்ததா?" என்று தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால் மறுபடி சுரண்டி எடுக்க வேண்டியிருக்கலாம்.

இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. அதனால் கட்டியைச் சுரண்டி எடுத்த மூன்றாம் மாதம் மறுபடி சிஸ்டோஸ்கோப்பி பார்ப்பது வழக்கம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே அந்தத் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள்.