பஸ் பயணத்தால் கரு கலையுமா?

கேள்வி: எனக்கு வயது 28. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். போன மாதம் மூன்று நாள் தள்ளிப்போனதால் கிட் வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. மறுநாளே உதிரப்போக்கு வந்துவிட்டது. அந்தச் சுழற்சியின் 18ஆம் நாள் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக நாகர்கோவிலுக்கு இரவு பஸ்ஸில் போனேன். அங்கே பப்பாளிப் பழமும் சாப்பிட்டேன். குலுங்கிக் குலுங்கிப் போனதில்தான் கரு கலைந்துவிட்டது என்கிறார் மாமியார். நான்தான் காரணமா, டாக்டர்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: இல்லை. நீங்கள் காரணமே இல்லை. நீங்கள் பஸ் ஏறிய அன்று உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் உங்களுக்கே தெளிவாகிவிடும்.

28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும். அதற்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். இரண்டும் சேர்வது கருப்பைக்குள் அல்ல, கருக்குழாயின் அகன்ற வெளிப்பகுதியில். கோடிக்கணக்கில் கிளம்பும் விந்தணுக்களில் அதுவரை போய்ச் சேர்பவை சில நூறுதான். ஒன்று நுழைந்ததும் முட்டையின் மேலுறை இறுகி மற்றவற்றைத் தடுத்துவிடும்.

கரு உருவான இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு. செல்கள் பெருகுகின்றனவே தவிர, கரு பெரிதாவதில்லை. மேலுறைக்குள் அடைபட்டிருப்பதால் அதே 0.1 மில்லிமீட்டர் அளவுக்குள் செல்கள்தான் சிறுத்துக்கொண்டே போகும். முதல் இரண்டு நாள் முட்டையில் தாய் சேர்த்து வைத்த கையிருப்பை வைத்தே எல்லாம் ஓடும். மூன்றாம் நாள் வாக்கில் கருவின் சொந்த மரபணுக்கள் பொறுப்பேற்க வேண்டும். குரோமோசோம் எண்ணிக்கை தவறிய கருக்களில் பல அங்கேயோ அடுத்த சில நாட்களிலோ நின்றுபோகும். இந்தத் தவறு பெரும்பாலும் முட்டை உருவாகும்போதே நேர்வது. யாருடைய நடமாட்டமோ சாப்பாடோ அதற்குக் காரணமல்ல.

சுழற்சியின் 18ஆம் நாள் என்பதால், உங்கள் பஸ் பயணம் கருவின் நான்காம் நாள். அன்று கரு பதினாறு செல் அளவிலான ஒரு சிறு உருண்டை. அப்போதுதான் கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் வந்திருக்கும். எங்கும் ஒட்டியிராத ஒன்று எதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர முடியும்? கருப்பையும் உள்ளே வெறுமையாக இருப்பதில்லை. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க, இடையிலுள்ள மெல்லிய ஈரப்படலத்தில்தான் கரு இருக்கும். பஸ் குலுங்கினால் அது கீழே விழுந்துவிடாது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் கருவை உள்ளே வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பழுத்த பப்பாளியும் கருவைக் கலைக்காது.

ஐந்தாம் நாள் செல்கள் இரண்டாகப் பிரிகின்றன: உள்ளே ஒதுங்கும் கூட்டம் குழந்தையாகும், வெளி அடுக்கு நஞ்சுக்கொடியாகும். ஆறாம் நாள் வாக்கில் உறையைக் கிழித்து வெளியே வந்து, கருப்பையின் உட்சவ்வில் ஒட்டிப் புதையத் தொடங்கும். முழுக்கப் புதைய இன்னும் சில நாள் ஆகும். வெளி அடுக்கு சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன்தான் உங்கள் கிட்டில் தெரிந்த கோடு. உட்சவ்வைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் சுரப்பை நிறுத்தாதே என்று சினைப்பைக்குச் சொல்வதும் அதுதான். கரு பலவீனமாக இருந்தால் அந்தச் செய்தி போதாமல் உட்சவ்வு உதிர்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், தொடங்கிய கர்ப்பங்களில் 22 சதவீதம் வழக்கமான முறையில் தெரியவரும் முன்பே முடிந்துபோயிருந்தன. அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது சற்றுத் தள்ளிவந்த மாதவிலக்கு, அவ்வளவுதான். இன்று கிட் இருப்பதால் கண்ணில் படுகிறது, மனசும் வலிக்கிறது. அந்த வலி நியாயமானது. குற்றவுணர்ச்சிக்குத்தான் இதில் இடமில்லை. உங்கள் மாமியாரிடமும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிட ஆரம்பியுங்கள். இப்படியே இன்னொரு முறை நடந்தால் இருவரும் சேர்ந்து மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இப்போது ஒரு டெஸ்ட் எடுத்து ஒற்றைக் கோடுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவது கோடு இன்னும் தெரிந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலோ, தலைசுற்றினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு கருக்குழாயிலேயே தங்கிவிட்டதா என்று ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் பார்த்துவிடுவார்கள்.