இடுப்பில் எடுத்த படம், கழுத்தில் இருந்த நோய்

எம்.ஆர்.ஐ. படம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து கிடைக்கிறது. வலுவான காந்தப்புலத்துக்குள் படுத்திருப்பவரின் உடலில் ரேடியோ அலைகள் செலுத்தப்படும்; அணுக்கருக்கள் திருப்பித் தரும் சமிக்ஞைகளைக் கணினி படமாக்கும். மருத்துவமனைகளில் பரவலாக இருப்பவை 1.5, 3 டெஸ்லா இயந்திரங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. இந்த முறைக்கு அடித்தளமிட்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவரும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

பேஸ்மேக்கரோ உடலுக்குள் உலோகமோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மற்றபடி சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பதே நோயாளியின் வேலை.

ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், சி.டி.யில் எதுவும் தெரியாத முதல் சில மணி நேரத்திலேயே டிஃப்யூஷன் எனப்படும் படவகை மூளையில் பாதித்த இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். முழங்காலில் கிழிந்த தசைநார், தோளில் அறுந்த தசைநாண், ரத்த ஓட்டம் குறைந்து செத்துக்கொண்டிருக்கும் இடுப்பு மூட்டு எலும்பு ஆகியவையும் இதில் துலங்கும். கடைசியாகச் சொன்னது எக்ஸ்ரேயில் தெரியும் முன்பே இதில் தெரிந்துவிடும்.

முதுகெலும்பில்தான் சிக்கல். டி2 என்ற படவகையில் நீர் வெண்மையாகத் தெரியும். தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவம் வெண்பட்டையாகத் தெரிய, அதன் நடுவே சாம்பல் நிறத்தில் தண்டுவடம் இறங்கும். பெரியவர்களுக்கு அது முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. கீழே இருப்பவை நரம்பு வேர்கள். ஆகவே இடுப்புப் படத்தில் தண்டுவடத்தின் நுனி மட்டுமே அகப்படும். மருத்துவர் சீட்டில் எழுதிய பகுதியைத்தான் ஸ்கேன் சென்டரில் எடுப்பார்கள்.

இதை எழுதுபவருக்கு அந்தச் சீட்டில் ஐந்து மாதம் போயிற்று. இடுப்பு வலித்தது, கால்கள் கனத்தன, மாடிப்படியில் தடுமாற்றம். மருத்துவர் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார். கடைசி இரு இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஜவ்வு பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. பெல்ட், ட்ராக்‌ஷன், மாத்திரை என்று நாட்கள் ஓடின. நடை மேலும் கெட்டது. சட்டைப் பொத்தானைப் போடவும் விரல்கள் திணறின. அதை அவர் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. கால் கனம் என்று வந்தவர் கைவிரலைப் பற்றித் தானாகச் சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமல்ல. கேட்டிருக்க வேண்டியவர் மருத்துவர்தான்.

ஜவ்வுப் பிதுக்கம் வலியில்லாதவர்களிடமும் சாதாரணம். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ.யில் ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வில், எல்லா ஜவ்வுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. அப்படிப்பட்ட பிதுக்கம் ஒன்றை நோய்க்காரணமாக எடுத்துக்கொண்டதே இங்கு நடந்த பெருந்தவறு.

கோளாறு இடுப்பிலா கழுத்திலா என்று பிரித்தறிய ரப்பர் சுத்தியல் பெரும்பாலும் போதும். இடுப்பில் நரம்பு வேர் அழுந்தினால் காலின் அனிச்சைத் துள்ளல் குறையும்; கழுத்தில் தண்டுவடம் அழுந்தினால் கால் வழக்கத்தைவிட வேகமாக உதறும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி நிமிரும். இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் இதை ஓரிரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். கழுத்துப் படத்தில் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகளுக்கிடையே தண்டுவடம் நசுங்கியிருந்தது. அதற்குள்ளேயே ஒரு வெண்புள்ளி. திசு சேதமடைந்ததன் அடையாளம்.

கால் தள்ளாடும் எவரும் இடுப்புப் படத்தோடு நிற்கக் கூடாது. எழுதித் தருபவரிடம் முழு முதுகெலும்பையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரீனிங்கையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்; கூடுதலாகச் சில நிமிடங்களே ஆகும். விரல் திணறல், நடைத் தள்ளாட்டம், சிறுநீர் அவசரம் மூன்றில் எது இருந்தாலும் சீட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட்டின் கண் அப்போதுதான் உரிய இடத்துக்குப் போகும்.

அறுவை சிகிச்சை என்றதும், கழுத்தில் கத்தி வைக்கவே கூடாது என்று உறவினர்கள் தடுத்தார்கள். இதை எழுதுபவர் அதைக் கேட்காமல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அது சரியான முடிவு. இத்தகைய அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்தது எவ்வளவு திரும்பும் என்பது அழுத்தம் எத்தனை காலம் நீடித்தது என்பதையும் பொறுத்தது. நடை பெரும்பாலும் தேறிவிட்டது. வலதுகை விரல்களின் மரமரப்பு அப்படியே இருக்கிறது.