தொண்ணூற்றைந்தாவது உடல்

வரலாற்று நூல்கள் மன்னர்தம் வெற்றி தோல்விகளை ஆண்டு முறைப்படி உரைப்பன. எக்கோட்டை எப்பொழுது வீழ்ந்தது, எத்துணைப் பேர் மாண்டனர் என்பவற்றை எண்களால் குறித்துவிட்டு அவை மேற்செல்லும். அவ்வெண்களுள் அடங்கிய ஒவ்வொருவனும் ஒரு தாய்க்கு மகன். ஒரு வீட்டுக்கு விளக்கு. அவன் பெயரையும் அவன் வீட்டார் உற்ற துயரையும் கூற வரலாற்றுக்குப் பெரும்பாலும் சான்று கிடைப்பதில்லை. அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்ப முயல்வது வரலாற்றுப் புதினம். இறந்துபட்ட ஒருவன் பொருட்டு உண்மையைத் தேடிச் செல்வது துப்பறியும் புதினம். இவ்விரண்டும் கூடிப் பிறந்த கதைகளுள், இடைக்கால இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு எல்லிஸ் பீட்டர்ஸ் என்பார் இயற்றியவை தனிச்சிறப்பு வாய்ந்தவை.

ஆசிரியர்

எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். அவருடைய இயற்பெயர் எடித் பார்ஜெட்டர் என்பதாகும். இப்பெண்மணி 1913-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் எல்லையை அடுத்த ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில், ஹார்ஸ்ஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். பல்கலைக்கழகம் சென்று பயின்றவர் அல்லர். பள்ளிப் படிப்பு முடிந்தபின் மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிந்தார். அங்குப் பெற்ற மருந்தறிவும் நச்சுப்பொருள் அறிவும் பிற்காலத்தில் அவர் கதைகளுக்குப் பெரிதும் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் தொண்டாற்றி, 1944-இல் அரசின் பதக்கமும் பெற்றார். செக் மொழியைக் கற்று, அம்மொழி இலக்கியங்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

வரலாற்றுப் புதினங்களையும் தற்காலத் துப்பறியும் புதினங்களையும் தனித்தனியே பல்லாண்டுகள் எழுதிவந்த அவர், அறுபதைக் கடந்த வயதில் அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தார். 1977-இல் வெளிவந்த முதற்கதை தொடங்கி 1994-இல் வெளிவந்த இறுதிக்கதை ஈறாக, ஒரே தலைவனைக் கொண்ட இருபது புதினங்களை இயற்றினார். 1995-ஆம் ஆண்டில் மறைந்தார்.

கதைத் தலைவன்

இருபது புதினங்களுக்கும் தலைவன் காட்ஃபைல் என்னும் துறவி. இவன் கற்பனை மாந்தன், வேல்ஸ் நாட்டினன். இளமையில் முதற் சிலுவைப் போரிற் கலந்துகொண்டு, கீழை நாடுகளில் போர்வீரனாகவும் பின்னர்க் கடலோடியாகவும் திரிந்தவன். நாற்பது வயதுக்கு மேல் உலக வாழ்வை நீத்து, ஷ்ரூஸ்பரி நகரத்தை அடுத்த பெனடிக்ட் சபையாரின் மடத்திற் சேர்ந்தான். மடத்துத் தோட்டத்தில் மூலிகைகளை வளர்ப்பதும், அவற்றைக் காய்ச்சியும் இடித்தும் மருந்தாக்கி நோயாளர்க்கு வழங்குவதும் அவனது பணி. போர்க்களத்திற் புண்களைக் கண்டு பழகியவன் ஆதலின், ஒருவன் எக்கருவியால் இறந்தான் என்பதை அவன் பார்த்தே உணர்வான். இலைகளையும் விதைகளையும் நாள்தோறும் கையாள்பவன் ஆதலின், இறந்தவனது ஆடையில் ஒட்டிய சிறு பூவிதழும் அவனுக்குச் செய்தி கூறும்.

அக்காலத்து இங்கிலாந்து

இக்கதைகள் 1137 முதல் 1145 வரையுள்ள ஆண்டுகளில் நிகழ்வன. அஃது இங்கிலாந்து அமைதியின்றி அலைவுற்ற காலம். முதலாம் ஹென்றி மன்னனின் ஒரே சட்டமுறை மகன் 1120-இல் கப்பல் கவிழ்ந்து இறந்தான். ஆதலின் மன்னன் தன் மகள் மட்டில்டாவை அரசுரிமைக்கு உரியவளாக ஏற்குமாறு பிரபுக்களைச் சூளுரைக்கச் செய்தான். ஆயினும் 1135-இல் அவன் இறந்தவுடன், அவனுடைய மருகன் ஸ்டீவன் விரைந்து வந்து முடிசூடிக்கொண்டான். சூளுரைத்த பிரபுக்களுட் பலர் புதிய மன்னனைப் பணிந்தனர். சிலர் மட்டில்டாவின் பக்கம் நின்றனர். அவ்வாறு எழுந்த உள்நாட்டுப் போர் 1153-இல் உடன்பாடு ஏற்படும்வரை நாட்டை வாட்டியது.

ஷ்ரூஸ்பரி நகரம் செவர்ன் ஆற்றின் வளைவில் அமைந்தது. ஆறு குதிரை இலாடம் போல் நகரை வளைத்து ஓட, நீர் சூழாத குறுகிய நிலப்பகுதியைக் காத்து நின்றது கோட்டை. அக்கோட்டையின் தலைவன் வில்லியம் பிட்ஸ் ஆலன் மட்டில்டாவின் சார்பினன். 1138-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஸ்டீவன் மன்னன் படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினான். தலைவன் தப்பியோடினான். சிக்கியவர்களுக்கு மன்னன் இரக்கம் காட்டவில்லை. தன்னை மென்மையானவன் என்று எண்ணிப் பகைவர் எள்ளுகின்றனர் எனக் கருதி, அச்சமூட்டும் பொருட்டுக் கடுந்தண்டம் விதித்தான். ஹெஸ்டின் ஊர் ஆர்னல்ப் என்பவனும், அவனோடு ஏறத்தாழத் தொண்ணூற்று மூவரும் கொல்லப்பட்டனர்.

இச்செய்தியைக் குறித்து வைத்தவர் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் வரலாற்றாசிரியர். அவர் 1075-இல் ஷ்ரூஸ்பரிக்கு அருகிலேயே பிறந்தவர். அந்நகரிலேயே எழுத்தறிவு பெற்றவர். அங்கு மடம் நிறுவப்படுவதற்குத் துணைநின்றோருள் அவருடைய தந்தையும் ஒருவர். பத்து வயதில் நார்மண்டி நாட்டு மடமொன்றுக்கு அனுப்பப்பட்ட அவர், பிறந்த ஊரில் நேர்ந்த இக்கொடுமையைத் தம் முதுமையில் தொலைவிலிருந்து எழுதினார். அவர் நூலில் இது சில வரிகளே.

கதை

அச்சில வரிகளிலிருந்து ஆசிரியர் ஒரு புதினத்தை உருவாக்கினார். 1979-இல் வெளிவந்த அது, இவ்வரிசையில் இரண்டாவதாகும்.

கோட்டை வீழ்ந்தபின், கொல்லப்பட்டவர்களைச் சமயமுறைப்படி அடக்கம் செய்ய மடத்துத் தலைவர் மன்னனிடம் இசைவு பெறுகின்றார். அப்பணி காட்ஃபைலிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அவன் உடல்களைக் கழுவி, ஒழுங்குபடக் கிடத்தி, எண்ணுகின்றான். மன்னன் ஆணையால் தூக்கிலிடப்பட்டவர் தொண்ணூற்று நால்வர். அங்குக் கிடந்த உடல்களோ தொண்ணூற்றைந்து.

மிகுதியாக இருந்த அவ்வுடல் ஓர் இளைஞனுடையது. அவன் கழுத்திற் காணப்பட்ட தழும்பு தூக்குக் கயிற்றால் நேர்ந்ததன்று. மெல்லிய கயிற்றைப் பின்புறமிருந்து வீசி இறுக்கியதால் நேர்ந்தது. எவனோ ஒருவன் அவ்விளைஞனை மறைவிற் கொன்று, அவ்வுடலை மன்னனால் மாண்டவர்களின் குவியலில் இட்டிருக்கின்றான். பலர் பிணமாகக் கிடக்கும் இடத்தில் ஒரு பிணத்தை யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்பது அவன் துணிவு.

எண்ணியதிற் பிழை நேர்ந்தது என்று கொண்டு, அவ்வுடலையும் ஏனையவற்றோடு புதைத்துவிடுதல் எளிது. வென்ற மன்னன் ஊரில் இருக்கின்றான், மக்கள் அஞ்சியிருக்கின்றனர். தொண்ணூற்று நால்வர் உயிரை ஒரே நாளில் பறித்த இடத்தில், மேலும் ஓர் உயிருக்காக நீதி கேட்பது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆயினும் காட்ஃபைல் அவ்வாறு எண்ணவில்லை. போரிற் பட்டவர்களுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும் அவனால் செய்யக்கூடியது இறுதிக்கடன் ஒன்றே. அவ்வுயிர்களுக்கு விடைகூற வேண்டியவன் மன்னன். ஆனால் இவ்விளைஞனின் சாவுக்கு விடைகூற எவனும் முன்வரவில்லை. அவன் பெயரும் தெரியவில்லை; குற்றமும் தெரியவில்லை. ஆதலின் அவனுக்காகக் கேட்கும் கடமை அவ்வுடலைக் கண்டறிந்தவனையே சார்ந்தது.

நகர மக்கள் தத்தம் உறவினரை அடையாளம் காண வருகின்றனர். மன்னன் பக்கத்தைச் சார்ந்த ஏலின் என்னும் நங்கையும் இரக்கத்தால் அங்கு வந்தவள், பகைவர் நடுவே தன் உடன்பிறந்தான் உயிரற்றுக் கிடக்கக் காண்கின்றாள். ஒரே குடும்பத்தையும் உள்நாட்டுப் போர் இரண்டாகப் பிளந்தது என்பதை இந்நிகழ்ச்சி ஒன்றே காட்டுகின்றது. பக்கங்கள் பல எழுதினும் விளங்காத வரலாற்று உண்மை, ஒரு பெண்ணின் துயரால் விளங்கிவிடுகின்றது. கொலையாளி இன்னான் என்பதை இங்குக் கூறுதல், அந்நூலைப் படிப்போர் பெறும் இன்பத்தைக் குறைப்பதாகும்.

வழக்கும் தீர்ப்பும்

அக்காலத்தில் காவல் துறை என்று ஒன்று இல்லை. ஐயத்திற்குரிய சாவுகளை ஆராயும் கொரோனர் என்னும் அதிகாரிகள் 1194-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தப்பட்டனர். மன்னன் சார்பில் வட்டாரத்தைக் கண்காணித்தவன் ஷெரீப். குற்றம் நிகழ்ந்தால் ஊரார் கூக்குரலிட்டுக் குற்றவாளியைத் துரத்திப் பிடித்தல் வேண்டும்.

நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்றபின் விந்தையான விதியொன்று வழங்கிவந்தது. நார்மானியன் ஒருவன் மறைவிற் கொல்லப்பட்டுக் கொலையாளி பிடிபடாவிடில், அவ்வட்டாரத்தார் அனைவரும் தண்டம் இறுத்தல் வேண்டும். இறந்தவன் ஆங்கிலேயன் என்று மெய்ப்பித்தால் தண்டம் இல்லை. எனவே இறந்தவன் எவ்வினத்தான் என்னும் வினா, அவனைக் கொன்றவன் யார் என்னும் வினாவினும் முந்திக்கொண்டது. இவ்வழக்கம் 1340-இல் நீக்கப்பட்டது.

குற்றத்தைத் தெளியும் முறைகளும் அச்சம் தருவன. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தச் செய்து, புண் ஆறும் வகையை நோக்கிக் குற்றமுண்டு அல்லது இல்லை என்பர். நீரில் அமிழ்த்தியும் சோதிப்பர். 1215-இல் உரோமாபுரியில் கூடிய திருச்சபைப் பேரவை, குருமார் இச்சோதனைகளிற் பங்குகொள்ளலாகாது என்று விதித்தது. வழக்காடுவோர் இருவரும் படைக்கலம் ஏந்திப் பொருது, வென்றவன் பக்கமே உண்மை எனக் கொள்ளும் முறையும் இருந்தது.

தொண்ணூற்றைந்தாவது உடலைப் பற்றிய வழக்கும் அம்முறைப்படியே முடிகின்றது. காட்ஃபைல் தன் நுண்ணறிவால் உண்மையைக் கண்டறிகின்றான்; ஆயினும் அவன் அறிவு மட்டும் தீர்ப்பாகிவிடவில்லை. வாட்போரே வழக்கைத் தீர்க்கின்றது. இக்காலத்து நீதிமன்றத்தை அக்காலத்திற் கொண்டுபோய் வையாத ஆசிரியரின் நேர்மை போற்றத்தக்கது.

மற்றொரு கதை நச்சு மூலிகை ஒன்றைப் பற்றியது. மூட்டு வலிக்கு மேலே தேய்க்கும் பொருட்டுக் காட்ஃபைல் காய்ச்சிய தைலத்தை, எவனோ உணவிற் கலந்து ஒருவனைக் கொன்றுவிடுகின்றான். அதிற் சேர்ந்த கிழங்கு, தமிழ் மருத்துவ நூல்கள் நாபி எனக் குறிப்பிடும் நச்சுக்கிழங்கின் இனத்தைச் சார்ந்தது. தோலின்மேல் நோய் நீக்குவது, உள்ளே சென்றால் உயிர் நீக்குகின்றது. தான் செய்த மருந்தே கொலைக்கருவி ஆனமையால், இங்கு உண்மையைத் தேடுவது காட்ஃபைலுக்கு இருமடங்கு கடமையாகின்றது. 1980-இல் வெளிவந்த இந்நூல் பரிசும் பெற்றது.

வரலாறும் கற்பனையும்

இக்கதைகளைப் படிப்போர் எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்தறிதல் வேண்டும். ஸ்டீவனும் மட்டில்டாவும் நடத்திய போர் வரலாறு; ஷ்ரூஸ்பரி முற்றுகையும் அங்கு நிகழ்ந்த கொலைத்தண்டமும் வரலாறு. 1083-இல் ரோஜர் பிரபு நிறுவிய மடம் வரலாறு. வேல்ஸ் நாட்டுக் குவிதரின் என்னும் ஊரிலிருந்து வினிபிரட் என்னும் புனிதையின் எலும்புகளை 1138-இல் அம்மடத்துக்குக் கொண்டுவந்ததும் வரலாறு. முதற்கதை அதனையே அடிப்படையாகக் கொண்டது. மடம் 1540-இல் கலைக்கப்பட்டது. அதன் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. காட்ஃபைலும், தொண்ணூற்றைந்தாவது இளைஞனும், அவனைக் கொன்றவனும் கற்பனை.

காட்ஃபைலின் பரந்த மனப்பான்மை பன்னிரண்டாம் நூற்றாண்டினும் இருபதாம் நூற்றாண்டுக்கே பெரிதும் பொருந்துவது என்று திறனாய்வாளர் சிலர் குறை கூறுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கதையாசிரியர் எக்காலத்தைப் பற்றி எழுதினும் தம் காலத்தின் காற்றையே உயிர்க்கின்றார். படிப்போர் இதனை நினைவிற் கொண்டால், கதையின் இன்பமும் கெடாது, வரலாற்றறிவும் மயங்காது.

முடிவு

மனித உயிர் மலிந்து கிடக்கும் காலத்திலும் ஓர் உயிரின் விலை குறைவதில்லை என்பதே இக்கதை உணர்த்தும் உண்மை. பலர் மாண்டனர் என்பதால் ஒருவனைக் கொன்ற பழி சிறிதாகிவிடாது. பெருங்குற்றம் ஒன்று நிகழும்போது, அதன் நிழலிற் சிறுகுற்றங்கள் ஒளிந்துகொள்ளும். வல்லாரின் செயலைத் தடுக்க இயலாத எளியவனும், தன் கண்முன் கிடப்பதை எண்ணிப் பார்க்க இயலும். எண்ணிக்கை பொருந்தாவிடில் பொருந்தவில்லை என்று கூற இயலும். ஷ்ரூஸ்பரித் துறவியிடம் இருந்த பேராற்றல் வேறொன்றும் இல்லை. அவன் ஒவ்வோர் உடலையும் ஒருவனாக மதித்து எண்ணினான். தொண்ணூற்று நான்கோடு நிறுத்திவிடவில்லை.