பொதுச் சேர்வரில் உங்கள் ஆய்வுக் கோப்புகள்: தொடக்கக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்டி மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் மஹய்யாவையில் தலைமுறைகளாக வாழ்கின்றன. பேராதனையில் முதுகலை படிக்கும் ஒரு தங்கை, அங்குள்ள முதியவர்களின் பேச்சை நாற்பது மணி நேரம் ஒலிப்பதிவு செய்தாள். பதிவுகளின் நடுவே மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் ஊதிக்கொண்டு போவதும் கேட்கும். பேசிய பாட்டிமாரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

ஒருநாள் அவள் தன் போனை நீட்டி, “அண்ணா, ஸ்க்ராட்சைத் துப்புரவு பண்ணப் போறோம்னு மெயில் வந்திருக்கு, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். நாற்பது மணி நேரமும் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் இருந்தன. இன்னும் பத்து நாள் தவணை இருந்ததால் தப்பின. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எந்த இடம் எதற்கு என்று கேட்டறியுங்கள்

பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் ஆய்வுக் கணினிகளில் இடம் பெரும்பாலும் மூன்று வகைப்படும். ஹோம் சிறியது, உங்களுக்கு மட்டும் உரியது. ப்ராஜெக்ட் உங்கள் ஆய்வுக்குழுவுக்குப் பொதுவானது. ஸ்க்ராட்ச் பெரியது, வேகமானது, ஆனால் தற்காலிகமானது.

மலையகத்து ஆட்களுக்கு ஸ்க்ராட்சை மடுவம் என்று சொன்னால் உடனே விளங்கிவிடும். பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுப்பார்கள், அன்றே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஏற்றிவிடுவார்கள். அங்கேயே கிடந்தால் வாடிப்போகும். ஸ்க்ராட்சிலும் கணக்கை ஓட்டி முடித்து, முடிவுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். 30, 60 அல்லது 90 நாள் தொடாத கோப்புகளைத் தானாக அழிக்கும் மையங்கள் உலகெங்கும் உண்டு. அழிந்தால் கேட்டு வாங்க பேக்கப் இருக்காது.

சேர்வரில் கணக்குக் கிடைத்த அன்றே அதன் பொறுப்பாளரிடம் கேளுங்கள்: எந்த இடத்துக்கு பேக்கப் உண்டு? எத்தனை நாளைக்கு ஒருமுறை? நான் தவறி அழித்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அளவு பாருங்கள்

ஒவ்வொருவருக்கும் கோட்டா, அதாவது இட வரம்பு, இருக்கும். அது ஜிகாபைட்டில் மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கையிலும் இருக்கலாம். பத்து லட்சம் குட்டிக் கோப்புகள் எல்லோருடைய வேலையையும் மெதுவாக்கிவிடும். அப்படிப்பட்டவற்றை ‘டார்’ கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டுங்கள். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை ‘டியூ’ கட்டளை காட்டும்.

தேவையை முன்கூட்டியே கணக்கிடவும் முடியும். சீடி தரத்தில், சுருக்காமல், ஸ்டீரியோவாகப் பதிந்த ஒரு மணி நேர ஒலி சுமார் 635 மெகாபைட். நாற்பது மணி நேரத்துக்கு 25 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். இவ்வளவு பெரிய சொத்து ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கிவிடுகிறது.

படி 3: திரும்பக் கிடைக்காதது எது என்று பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உங்கள் கோப்புகளில் சில, நிரலை மறுபடி ஓட்டினால் மறுபடி வரும். சில, வேறொரு தளத்திலிருந்து இறக்கிய தரவு; திரும்பவும் இறக்கலாம். மூன்றாவது வகைக்கு மாற்றே இல்லை: நேரில் எடுத்த பேட்டி, ஒரு மழைக்காலத்தில் அளந்த ஆற்று நீர்மட்டம், கையால் திருத்திய பேச்சின் எழுத்துவடிவம், நீங்களே எழுதிய நிரல். பலர் 500 ஜிகாபைட் இடைக்கால முடிவுகளை பேக்கப் எடுக்க இடம் தேடி அலைந்து, 25 ஜிகாபைட் மூலத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டியின் குரலை எந்தக் கணினியும் மறுபடி உருவாக்கித் தராது. ஆகவே மூலம், வேலை, முடிவு என்று மூன்று ஃபோல்டர்கள் போடுங்கள். மூலத்தை வாசிக்க மட்டும் முடியும்படி பூட்டி வையுங்கள்.

படி 4: பெயரும் எழுத்துருவும்

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் முன்னால் போட்டால் கோப்புகள் தாமாகவே வரிசைப்படும். ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பெயர்களை லினக்ஸ் சேர்வர் வேறு வேறு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். பெயருக்கு ரோமன் எழுத்தும் எண்ணும் போதும், தமிழ் உள்ளே இருக்கட்டும். அடுத்தது பாமினி. நம் ஊரில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் ஏராளமாக அந்த எழுத்துருவில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ரோமன் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிரதியையும் பக்கத்தில் வையுங்கள்.

படி 5: மூன்று பிரதிகள்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். உலகெங்கும் சொல்லப்படும் இந்த 3-2-1 கணக்கு கண்டிக்கும் பொருந்தும். ஒரு பிரதி சேர்வரில், ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கண்டிக்கு வெளியே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மாவட்டத்தில் மண்ணைச் சரித்ததைப் பார்த்த பிறகு, வேறு ஊர் ஏன் என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை.

சேர்வரில் ரெய்ட் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு) இருக்கிறது என்று யாராவது சொன்னால் நிம்மதியடையாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நீங்கள் அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

பிரதி எடுக்க ‘ஆர்சிங்க்’ நல்லது. மாறியதை மட்டும் அனுப்பும், கரண்ட் போய் நின்றாலும் மறுபடி ஓட்டினால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை அனுப்பும். ஆனால் அதில் ‘டிலீட்’ என்ற விருப்பம் உண்டு: மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும். நான் ஒருமுறை மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றி எழுதி, ஒரு வார வேலையை இழந்தேன். அதிலிருந்து முதலில் ‘ட்ரை ரன்’ ஓட்டி, என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் தொடுவதில்லை.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில், பழைய லாக் கோப்புகளை மட்டும் அழிக்க வேண்டிய ஒரு நிரலின் பிழையால் 14 ஆய்வுக்குழுக்களின் சுமார் 77 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றில் நான்கு குழுக்களின் கோப்புகளை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை.

படி 6: மீட்டுப் பாருங்கள்

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினியை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. அங்கிருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின; ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. ஆகவே ஒரு பிரதியாவது எப்போதும் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

கழற்றி வைத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதாவது மூன்று கோப்புகளை வேறு கணினிக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். ஒலியென்றால் கடைசி நிமிடம் வரை கேளுங்கள், பாதியில் அறுந்த பிரதிக்கும் தொடக்கம் நன்றாகவே இருக்கும். மூலத்துக்கு ஒரு ‘செக்சம்’ பட்டியல் (ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட அடையாள எண்) எடுத்து வைத்தால், ஒரு பிட் மாறினாலும் பிடிபடும்.

படி 7: யார் பார்க்கலாம்?

கோப்பு திறக்கவில்லை என்றதும், யாரும் வாசிக்கவும் மாற்றவும் முடியும்படி ‘777’ அனுமதி கொடுப்பது நம்மிடையே பரவலான பழக்கம். பொதுச் சேர்வரில் அது வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பது போல. பெயர், நோய், சம்பளம், சாதி என்று மக்கள் நம்பிச் சொன்னவை உள்ளே இருக்கின்றன. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. பேட்டிகளைக் குழுவுக்கு மட்டும் திறந்துவிடுங்கள், வெளியே போகும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மேற்பார்வையாளரிடமும் ஒரு மூடிய உறையில் கொடுத்து வையுங்கள்.

படி 8: கிளம்பும் முன்

பட்டம் முடிந்தால் கணக்கும் மூடப்படும். தேதியை மூன்று மாதம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் ஒருவருடைய பெயருக்குக் கோப்புகளை மாற்றுங்கள். பேசியவர்கள் சம்மதித்தால் அவர்கள் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அந்தத் தங்கை, பாட்டியின் மகளிடம் ஒரு பென் டிரைவும், அதில் எந்தக் கோப்பு எந்த நாள் பேச்சு என்று தமிழில் எழுதிய ஒரு தாளும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.