கோழிப் பண்ணையில் மாறும் வைரசு

பறவைக் காய்ச்சல் வைரசின் இயல்பான இருப்பிடம் காட்டுத் தாராக்களின் குடல். அங்கே அது பெரும்பாலும் தாராவை நோயாக்குவதில்லை. தாரா நீந்தித் திரிந்து நீரில் எச்சமிட்டால்தான் வைரசு அடுத்த பறவையை அடையும். நோயில் விழுந்த தாராவால் அதற்குப் பெரிய பயனில்லை.

பெரும் பண்ணையில் கதை வேறு. ஒரே இனக் கோழிகள் ஆயிரக்கணக்கில் சிறகோடு சிறகு உரசி நிற்கின்றன. ஒரு கோழி விரைவில் செத்தாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. ஆகவே கொல்லும் வைரசும் அங்கே தழைக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1983 ஏப்ரலில் இவ்வைரசு பண்ணைகளில் காணப்பட்டது. முட்டை குறைந்தது, சில கோழிகள் இறந்தன. ஆறு மாதம் அது கோழிக்குக் கோழி பரவியது. ஒக்டோபரில் அதே வைரசு பண்ணைகளைக் காலி செய்யத் தொடங்கியது. நோயை அடக்குவதற்குள் சுமார் 1 கோடி 70 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன.

என்ன மாறியது? வைரசின் மேற்புறத்தில் ஒரு புரதம் உண்டு. கோழியின் உடலிலுள்ள நொதியம் அதை ஓரிடத்தில் வெட்டினால்தான் வைரசு அடுத்த கலத்தினுள் புகும். சாதுவான வைரசை வெட்டும் நொதியம் முக்கியமாகச் சுவாசக் குழாயிலும் குடலிலும்தான் இருக்கிறது. நோயும் அங்கேயே நின்றுவிடும். பென்சில்வேனிய வைரசில் வெட்டுமிடத்தை ஒரு சர்க்கரைத் துண்டு மறைத்திருந்தது. ஒக்டோபர் வைரசில் அத்துண்டு இல்லை. மறைப்பு போனதும் உடலெங்குமுள்ள நொதியங்கள் அதை வெட்டின. நோய் மூளைவரை பரவியது. வேறு இடங்களில் வெட்டுமிடமே நீண்டு மாறியதும் உண்டு.

எச்5, எச்7 என்னும் இரு வகைகளே இயற்கையில் இப்படிக் கொடியதாக மாறுகின்றன. அதனால்தான் இவை சாதுவாக இருக்கும்போதே பல நாடுகளில் கோழிகளை அழிக்கிறார்கள். சுகமாக நிற்கும் கோழியை ஏன் கொல்கிறார்கள் என்ற கோபம் நியாயமானது; ஆனால் அந்த ஆறு மாதத்தை நினைத்தால் காரணம் விளங்கும்.

நமது முற்றத்துப் பத்துக் கோழிகள் பெரும் பண்ணை அல்ல. ஆனால் அவை பண்ணைக் கோழி காணாததைக் காண்கின்றன: குளத்துத் தாரா, ஒக்டோபரில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கும் வலசைப் பறவைகள், வீடுவீடாக வரும் வியாபாரியின் கூண்டு. தாராவையும் கோழியையும் ஒரே கூட்டில் அடைக்க வேண்டாம். கோழிக்குக் குளத்து நீர் வைக்காமல் கிணற்று நீர் வையுங்கள். வியாபாரியின் கூண்டை வேலிக்கு வெளியே நிறுத்துங்கள்.

மூன்று கோழி சோர்ந்தால் மீதியை உடனே விற்கத்தான் மனம் போகும். கையிலுள்ள முதலே அதுதானே. ஆனால் நோய் அடுத்த ஊருக்குப் போவது அந்த விற்பனையில்தான். இராணிக்கெட் நோயிலும் கோழிகள் இப்படியே சாகும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. செத்ததை வெறுங்கையால் தொடாமலும் கறியாக்காமலும், அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.